பேர்ணாம்பட்டுப் பட்டறையில் மூன்று கடற்பஞ்சுகள்

ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலில் கையால் சித்திரவேலை செய்து பெல்ட்டும் பணப்பையும் தைத்து விற்பது எங்கள் பட்டறையின் தொழில். இந்த வேலையில் அச்சு இறக்குவதற்கு முன் தோலை நனைக்கும் கட்டம் ஒன்று உண்டு. பார்ப்பதற்கு அற்பமாகத் தோன்றும் அந்தக் கட்டத்தில்தான் பாதிச் சரக்கு தேறுவதும் கெடுவதும் முடிவாகிறது. நீர் ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் இறங்கினால், காய்ந்த பிறகு தோலின் மேல்முகத்தில் திட்டுத்திட்டாகக் கறை நிற்கும். அதன்மேல் எந்தச் சாயத்தை ஏற்றினாலும் அந்தத் திட்டு மறையாது. பல ஆண்டுகளாக நாங்கள் இதற்குக் கடையில் இருபத்தைந்து ரூபாய்க்குக் கிடைக்கும் நுரைப்பஞ்சையே பயன்படுத்தி வந்தோம். அது மூன்று வாரத்தில் பொடிந்து, மஞ்சள் துகள்களைத் தோலின்மேல் உதிர்க்கத் தொடங்கிவிடும். கடலில் விளையும் உண்மையான பஞ்சு இந்த வேலைக்கு ஏற்றது என்று படித்த நாளிலிருந்து அதைத் தேடினேன். கடந்த ஒன்றரை ஆண்டில் மூன்று கடற்பஞ்சுகளைப் பயன்படுத்திப் பார்த்ததன் பலனை, இதே வேலையில் இருப்பவர்களுக்கும் வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்கும் பயன்படும் என்று எண்ணி எழுதுகிறேன்.

தேடல் வேலூர் லாங் பஜாரிலிருந்து தொடங்கியது. நாட்டுமருந்துக் கடையில் கடற்பஞ்சு என்று கேட்டால் கடல்நுரையை எடுத்து நீட்டுகிறார்கள். கடல்நுரை என்பது கணவாயின் முதுகுக்குள் இருக்கும் வெள்ளை ஓடு. நகத்தால் கீறினால் மாவாக உதிரும். அதற்கும் பஞ்சுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. இரண்டு கடைகளில் ஏமாற்றமடைந்த பின், தோல் கைவினைக் கருவிகள் விற்கும் சென்னைக் கடை ஒன்றில் முதல் பஞ்சு கிடைத்தது. விலை 1,150 ரூபாய். கிரேக்கத்தின் கலிம்னோஸ் தீவிலிருந்து வந்த, வெளுக்கப்படாத தேன்கூட்டு வகை என்று அதனுடன் இருந்த சீட்டு சொன்னது. கலிம்னோஸ் பல தலைமுறைகளாகப் பஞ்சுக்காக மூழ்குவோரின் தீவு. அந்த மக்களும் பக்கத்துத் தீவினரும்தான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலுள்ள டார்ப்பன் ஸ்பிரிங்ஸ் ஊருக்கு மூழ்கிப் பஞ்செடுக்கும் முறையைக் கொண்டு சென்றார்கள்.

காய்ந்த நிலையில் அந்தப் பஞ்சு, வெயிலில் கிடந்த ரொட்டித் துண்டைப்போல விறைப்பாக இருந்தது. குறுக்களவு 13 சென்டிமீட்டர். எங்கள் நகைத் தராசில் எடை 14 கிராம். நீரில் அமிழ்த்தியவுடன் கைக்குள்ளேயே இளகி, பழைய வேட்டித்துணியின் மென்மைக்கு வந்துவிட்டது. சொட்டு நிற்கும்வரை பிடித்திருந்து மறுபடியும் நிறுத்தபோது 290 கிராம் காட்டியது. தன் எடையில் இருபது மடங்கு நீரை ஏந்திக்கொண்டும், தொட்டியிலிருந்து வேலைமேசைவரை கொண்டுவரும் நான்கு அடித் தூரத்தில் அது ஒரு சொட்டையும் சிந்தவில்லை. நுரைப்பஞ்சும் நிறைய நீரை உறிஞ்சத்தான் செய்கிறது. ஆனால் எடுத்த இடத்திலிருந்து வைக்கும் இடம்வரை ஒழுகிக்கொண்டே வரும், அழுத்தினால் ஒரேயடியாகக் கொட்டிவிடும். கடற்பஞ்சு விரலின் அழுத்தத்துக்குத் தக்கபடி நீரை விடுகிறது. இந்த ஒரு குணத்துக்காகத்தான் அந்த விலையை நான் கொடுத்தேன்.

பட்டறையின் மூத்த கைவேலைக்காரரான பெரிய பாய் முதலில் இதை நம்பவில்லை. இது செடியல்ல, கடலின் அடியில் பாறையைப் பற்றி ஓரிடத்திலேயே வாழும் உயிரினம் என்றும், நம் கையில் இருப்பது அதன் எலும்புக்கூடு போன்ற நார்க்கூடு என்றும் சொன்னேன். பஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "அப்படின்னா இதுவும் ஒரு தோல்தான் தம்பி, சுடுதண்ணியில போட்டுடாதீங்க" என்றார். அவர் அனுபவத்தில் சொன்னது அறிவியலோடு மிகச் சரியாகப் பொருந்துகிறது. கடற்பஞ்சின் நாருக்குப் பெயர் ஸ்பாஞ்ஜின். அது கொலாஜன் என்ற புரதத்தின் உறவு. நாம் பதனிடும் தோலும் அதே கொலாஜன்தான். பதனிடாத தோல் கொதிநீரில் சுருங்கி விறைத்துப்போவதைப் போலவே கடற்பஞ்சும் கொதிநீரில் சுருங்கி முரடாகிவிடும். தோல் தொழிலில் இருப்பவருக்கு இந்தப் பொருளின் பராமரிப்பைத் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதே இல்லை.

உலகில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கடற்பஞ்சு இனங்கள் அறியப்பட்டுள்ளன என்றாலும், மனிதத் தோலிலோ பதனிட்ட தோலிலோ வைத்துத் தேய்க்கத் தகுந்தவை மிகச் சிலவே. பெரும்பாலானவற்றின் உடலுக்குள் கண்ணாடி போன்ற சிலிக்கா முட்களோ சுண்ணாம்பு முட்களோ இருக்கும். அவற்றுள் சிலவற்றைக் கையில் எடுத்தாலே அரிக்கும். ஸ்பாஞ்ஜியா, ஹிப்போஸ்பாஞ்ஜியா ஆகிய பேரினங்களின் கூட்டில் அத்தகைய முள் இல்லை, வெறும் நார் மட்டுமே உண்டு. அதனால்தான் பஞ்சு வணிகம் நெடுங்காலமாக இந்த ஒரு குடும்பத்தைச் சுற்றியே நடந்து வருகிறது.

வேலையில் கலிம்னோஸ் பஞ்சு எப்படி இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெல்ட் வார் நாற்பத்திரண்டு அங்குலம். நனைத்த பஞ்சை ஒரு முனையில் வைத்து, கையை எடுக்காமல் மறுமுனைவரை ஒரே இழுப்பில் கொண்டுபோனால், வெளிர்மஞ்சளாக இருந்த தோல் பின்னாலேயே ஒரே சீராகக் கருத்துக்கொண்டு வருவதைக் காணலாம். சில நிமிடங்களில் அந்தக் கருமை மெல்ல வெளுத்துப் பழைய நிறத்தை நெருங்கும்போது அச்சை இறக்க வேண்டும்; அப்போது விழும் பதிவு கூர்மையாகவும் அடிப்பகுதி சற்றுக் கருத்தும் நிற்கும். நுரைப்பஞ்சு காலத்தில், நீர்த்திட்டு விழுந்து ஓராண்டில் பதினொரு பெல்ட்டுகளைக் கழித்தோம். கடற்பஞ்சு வந்த பின் இந்த ஒன்றரை ஆண்டில் கழித்தவை இரண்டு மட்டுமே. பஞ்சின் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தால் நுரைப்பஞ்சுதான் மலிவு என்பதை மறைக்க விரும்பவில்லை: ஒன்றரை ஆண்டுக்கு அது 650 ரூபாய்தான் ஆகும். ஆனால் கழித்துக் கட்டிய ஒரு பெல்ட்டின் தோல் மட்டுமே 340 ரூபாய் என்பதையும் சேர்த்தால் கணக்கு தலைகீழாகிவிடுகிறது.

இரண்டாவது பஞ்சைப் பற்றி எழுதுவதற்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. முதல் பஞ்சு நன்றாக உழைத்ததைக் கண்டு, இணையத்தில் 380 ரூபாய்க்குக் கிடைத்த இன்னொன்றை வரவழைத்தேன். படத்தில் பொன்மஞ்சள் நிறத்தில் அழகாக இருந்தது. எந்தக் கடல், எந்த வகை, எப்படி எடுத்தது என்ற விவரம் உறையில் ஓரிடத்திலும் இல்லை. நனைத்தவுடன் மருந்து நெடி அடித்தது. பிரவுன் நிறத்தில் இருக்கும் பஞ்சை மஞ்சளாக்குவதற்கு வெளுப்பு மருந்திடுவது இத்தொழிலில் வழக்கம்தான். அளவோடு செய்தால் பெரிய தீங்கில்லை, அளவு மீறினால் நார் வலுவிழந்துவிடும். இந்தப் பஞ்சு ஐந்தாவது வாரத்தில் விளிம்பிலிருந்து நார் நாராகப் பிரியத் தொடங்கியது. அதைவிடப் பெரிய இழப்பு முதல் வாரத்திலேயே நேர்ந்திருந்தது. ஒரு திருமணப் பரிசுக்காகச் செய்துகொண்டிருந்த பையின் மேல்மூடியை நனைத்தபோது, இழுத்த வழியெல்லாம் மயிரிழை அளவுக்கு ஒரு கீறல் கூடவே வந்தது. பஞ்சைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே ஒரு துளைக்குள் அரிசியில் பாதி அளவுக்குச் சங்குச் சில் சிக்கியிருந்தது. ஆவாரம்பட்டைத் தோலின் மேல்முகத்தில் விழுந்த கீறலை அழிக்க வழியே கிடையாது. விற்றவருக்குப் படத்தோடு எழுதினேன்; பதில் வரவில்லை. அன்றிலிருந்து எந்தப் பஞ்சு வந்தாலும் வெள்ளைத் தட்டில் நீர் ஊற்றி, அதில் பத்து முறை பிழிந்து, மணலோ சில்லோ விழுகிறதா என்று பார்த்த பிறகே மேசைக்குக் கொண்டுவருகிறோம்.

மூன்றாவது பஞ்சுதான் இந்த மதிப்புரையை எழுதத் தூண்டியது. கென்யாவில் தோல் தொழிற்சாலையில் பணிபுரியும் எங்கள் ஊர் நண்பர், விடுமுறைக்கு வரும் வழியில் சான்சிபார் தீவுக்குச் சென்று, அங்குள்ள ஜாம்பியானி கடற்கரையில் வளர்த்த பஞ்சு ஒன்றை வாங்கி வந்தார். விலையை எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை. கலிம்னோஸ் பஞ்சைவிடச் சிறியது, துளைகள் நெருக்கமானவை, ஏந்தும் நீர் சற்றுக் குறைவு. பெல்ட் வாருக்கு அது போதாது. ஆனால் பணப்பையின் மூலைகளை நனைப்பதற்கும், வெட்டிய ஓரத்தில் சாயம் ஏற்றுவதற்கும் மூன்றில் இதுவே சிறந்தது. தட்டில் பிழிந்து பார்த்தபோது ஒரு மணல்கூட விழவில்லை. கயிற்றில் தொங்கி வளர்ந்த பஞ்சு கடலடியைத் தொடாததே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

ஜாம்பியானியில் நடப்பதை நண்பர் சொல்லக் கேட்டபோது எனக்கு ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம்தான் நினைவுக்கு வந்தது. அங்கே மூங்கில் தெப்பங்களில் பெண்கள் கடற்பாசி வளர்ப்பதைப் போலவே, சான்சிபார் பெண்களும் நெடுங்காலம் கடற்பாசி வளர்த்தார்கள். ஆழமற்ற நீர் சூடேறிப் பாசி அழுகத் தொடங்கியபோது வருமானம் விழுந்தது. அவர்களில் சிலர் பஞ்சு வளர்ப்புக்கு மாறினார்கள். முறை எளிமையானது: தாய்ப்பஞ்சிலிருந்து ஒரு துண்டை வெட்டி, மிதவைகளுக்கு இடையே கட்டிய கயிற்றில் கோத்துவிட வேண்டும், வெட்டுக்காயம் ஆறி அந்தத் துண்டு தனிப் பஞ்சாக வளரும். அதன்மேல் படியும் பாசியையும் ஒட்டுயிர்களையும் அவ்வப்போது துடைத்துவிட வேண்டும். தீவனம் வேண்டாம், உரம் வேண்டாம், மருந்து வேண்டாம். நீரை உறிஞ்சி, அதிலுள்ள நுண்ணுயிர்களை வடிகட்டி உண்டு, எஞ்சியதை வெளியே தள்ளுவதே அந்த உயிரின் முழுநேர வேலை; ஒரு கிலோ எடையுள்ள பஞ்சு நாளொன்றுக்கு 24,000 லிட்டர் வரை நீரை வடிகட்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வளர்த்து விற்கும் பொருள் தன் கடலை அழுக்காக்காமல், இயன்ற அளவு சுத்தமும் செய்துகொண்டு வளர்கிறது என்பது, தோல் தொழிலில் பிறந்து வளர்ந்த எனக்கு எளிதில் கடந்துபோகக்கூடிய செய்தியல்ல.

வெட்டினாலும் வளரும் என்ற இந்த அறிவு புதிதல்ல. ஆஸ்கார் ஷ்மிட் என்ற விலங்கியலாளர் 1860களிலேயே ஏட்ரியாட்டிக் கடலில் பஞ்சைத் துண்டாக்கி வளர்த்துக் காட்டினார். 1907-இல் ஹென்றி வில்சன் என்பவர் உயிருள்ள பஞ்சை மெல்லிய பட்டுத்துணியின் வழியே பிதுக்கி, உயிரணுக்களாகச் சிதைத்தார். சிதறிய அணுக்கள் மீண்டும் ஒன்றோடொன்று கூடிப் பஞ்சாகின. வேறு எத்தனை விலங்குகளிடம் இதை எதிர்பார்க்க முடியும்? வெப்பக் கடலில், பசிபிக்கின் மைக்ரோனீசியாவைச் சேர்ந்த பொன்பெய் தீவிலும் குளியல் பஞ்சைக் கயிற்றில் வளர்த்து விற்கிறார்கள். கடலில் தானாக விளைந்ததை மட்டும் நம்பிய வணிகம் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது: 1938-இல் கரீபியன் வட்டாரத்தில் தொடங்கிய ஒரு நோய் அடுத்த ஆண்டுக்குள் மெக்சிகோ வளைகுடாவரை பரவி வணிகப் பஞ்சுகளின் பெரும்பகுதியை அழித்தது, 1986-க்குப் பின் மத்தியதரைக் கடலிலும் அதேபோன்ற பேரிழப்பு நேர்ந்தது. இடையில் செயற்கைப் பஞ்சு வந்து சந்தையைப் பிடித்துக்கொண்டது.

நம் மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணைப் பகுதியிலும் 275 கடற்பஞ்சு இனங்கள் பதிவாகியுள்ளன. அவற்றுள் குளியல் பஞ்சுக் குடும்பத்தைச் சேர்ந்தவையும் உண்டு. சங்கையும் முத்துச்சிப்பியையும் துளைத்துக் கெடுக்கும் இனங்களும் உண்டு. எல்லாப் பஞ்சும் செல்வம் என்று எண்ணிவிடக் கூடாது. அங்குள்ள 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. சுண்ணாம்புக் கூட்டுப் பஞ்சுகள் அனைத்தும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்ந்துவிட்டன. ஆகவே அந்தப் பாறைகளிலிருந்து பிடுங்கிவந்து விற்கும் தொழிலாக இதை யாரும் கனவு காண வேண்டாம், காணவும் கூடாது. பூங்காவுக்கு வெளியே, உரிய அனுமதியோடு, கடற்பாசித் தெப்பங்களுக்குப் பக்கத்தில் கயிறு கட்டி வளர்க்கும் தொழிலாக இது வந்தால் அதன் முதல் வாடிக்கையாளர்களில் ஒருவனாக இருக்க நான் அணியமாக இருக்கிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று எங்கள் வட்டாரத்தில் தோலைக் கையால் மெருகிடும் பட்டறைகள் எத்தனையோ உள்ளன. கலிம்னோஸிலிருந்து வரும் பஞ்சுக்கு 1,150 ரூபாய் கொடுக்கத் தயங்குபவர், மண்டபத்துப் பஞ்சு 400 ரூபாய்க்குக் கிடைத்தால் தயங்க மாட்டார்.

கடற்பஞ்சின் வணிக மதிப்பைப் பேசும்போது வேலூர்க்காரர் ஒருவர் மருந்தைப் பேசாமல் இருக்க முடியாது. சி.எம்.சி. மருத்துவமனைக்கு எதிரே உள்ள தெருக்களில், வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து அறையெடுத்துத் தங்கியிருக்கும் குடும்பங்களை நாள்தோறும் பார்க்கிறோம். அவர்களில் ரத்தப் புற்றுநோய்க்காக வந்தவர்களும் உண்டு. அந்த நோய்க்கு நரம்பு வழியே ஏற்றும் முதன்மை மருந்துகளுள் ஒன்றான சைட்டராபின், ஒரு கடற்பஞ்சைப் பார்த்துக் கற்றுக்கொண்ட பாடம். 1950களின் தொடக்கத்தில் வெர்னர் பெர்க்மன் என்ற வேதியியலாளர் ஃபுளோரிடாக் கடலோரப் பஞ்சு ஒன்றில் விந்தையான சர்க்கரை அமைப்புக் கொண்ட சேர்மங்களைக் கண்டறிந்தார். அந்த அமைப்பைப் பின்பற்றி ஆய்வகத்தில் செய்த மருந்துக்கு 1969-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. என் அக்கா மகனுக்கு அந்த மருந்து ஏற்றப்பட்ட வாரங்களில், சொட்டுச் சொட்டாக இறங்கும் குழாயைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இன்று அவன் பத்தாம் வகுப்புப் படிக்கிறான். அந்த நாட்களில் அதன் பிறப்பிடம் எனக்குத் தெரியாது.

மார்பகப் புற்றுநோய்க்கான எரிபுலினும் இப்படித்தான் வந்தது. அதன் மூலச்சேர்மம் ஜப்பானியக் கடற்பஞ்சு ஒன்றில் கிடைத்தது. ஆய்வுக்குப் போதுமான அளவு வேண்டுமென்று நியூசிலாந்துக் கடலில் ஒரு டன் பஞ்சை அள்ளியபோது கிடைத்தது ஏறத்தாழ 300 மில்லிகிராம் மட்டுமே. அந்த வழியில் போயிருந்தால் மருந்து வருவதற்குள் பஞ்சு முடிந்திருக்கும். வேதியியலாளர்கள் அறுபதுக்கும் மேற்பட்ட படிகளில் அதை ஆய்வகத்திலேயே கட்டியெழுப்பினார்கள். 2010-இல் அது மருந்தாயிற்று. கடலிலிருந்து அள்ளுவதில் அன்றி, அள்ளாமல் கற்றுக்கொள்வதிலேயே இங்கே பெரும்பணம் விளைந்தது என்பதை, பஞ்சு வணிகம் என்றதும் படகை நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் பாலாறு. எங்கள் தொழில் இந்த மாவட்டத்துக்குச் சோறு போட்டது. அதே தொழிலின் கழிவு ஆற்றங்கரைக் கிணறுகளைக் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை இன்று நாடு முழுவதும் மேற்கோள் காட்டுகிறார்கள். தீர்ப்பு வந்ததே தவிர, என் பாட்டி குடித்த கிணற்று நீர் திரும்பி வரவில்லை. வளம் இருக்கிறது என்று முதலில் இறங்கி, விதியைப் பின்னால் எழுதிக்கொள்ளும் வழக்கத்தின் விலை எங்களுக்குத் தெரியும். அதனால்தான் 380 ரூபாய்ப் பஞ்சின் உறையில் ஊர்ப்பெயர் இல்லாதது எனக்குச் சிறிய குறையாகப் படவில்லை.

இனி வாங்குபவருக்குச் சில சொற்கள். குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டுமென்றால் வெளுக்காத, மென்துளைப் பஞ்சைக் கேட்டு வாங்கலாம். எங்கள் வீட்டில் ஆறுமாதப் பேத்திக்கு ஜாம்பியானிப் பஞ்சில் வெட்டிய ஒரு துண்டைத்தான் பயன்படுத்துகிறோம். பெரியவர்கள் முதுகு தேய்ப்பதற்கு இவ்வளவு செலவு தேவையே இல்லை. முற்றிய பீர்க்கங்காய்க் கூடு அந்த வேலையை இதைவிட நன்றாகச் செய்யும். பாத்திரம் கழுவவும் வண்டி துடைக்கவும் இதை வாங்குவது பொருளுக்குச் செய்யும் அவமரியாதை. ஆழ்துளைக் கிணற்று உப்புநீரில் தொடர்ந்து நனைத்தால் நாரில் உப்புப் படிந்து விறைப்பு ஏறுகிறது. இரும்புச் சத்துள்ள நீரானால் ஆவாரம்பட்டைத் தோலில் கரும்புள்ளியே விழுந்துவிடும். நாங்கள் இப்போது இதற்கென மழைநீரையோ குடிநீரையோ தனியாக வைத்திருக்கிறோம். மாதம் ஒருமுறை ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு கரண்டி சமையல் சோடாவைக் கரைத்து, அதில் சிறிது நேரம் ஊறவைத்து அலசினால் வாடையும் பிசுக்கும் நீங்குகின்றன. துணியைப்போல முறுக்கிப் பிழியக் கூடாது, உள்ளங்கையில் வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். நிழலில் தொங்கவிட்டால் வேலூர்க் கோடையில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

கலிம்னோஸ் பஞ்சின் ஒரு பக்கம் இந்த மாதம் மெலிந்துவிட்டது. பெரிய பாய் அதை நான்காக வெட்டி, ஓரச்சாயத்துக்கு இரண்டும் மெழுகுக்கு இரண்டுமாகப் பிரித்து வைத்திருக்கிறார். இன்னும் ஓராண்டு உழைக்கும் என்பது அவர் கணிப்பு. புதியது வாங்குவதற்காகச் சென்னைக் கடைக்கு எழுதி, வளர்த்த பஞ்சு கிடைக்குமா, எந்தக் கடல், மீண்டும் வளரும்படி அடிப்பகுதியைப் பாறையிலேயே விட்டு வெட்டியதா என்று மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறேன். முதல் இரண்டுக்குப் பதில் வந்துவிட்டது. மூன்றாவதைத் தங்களுக்குச் சரக்கு அனுப்புபவரிடம் கேட்டுச் சொல்வதாக எழுதியிருக்கிறார்கள். அது வந்த பிறகே பணம் அனுப்புவேன்.